காகிதமே இல்லாமல் வீட்டையும் கடையையும் நடத்தப் போனால் என்னென்ன சிக்கல் வரும்?

நீங்கள் கேட்டிருப்பது இது: பத்திரம், ரசீது, கடைக் கணக்கு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டுத் தாளை ஒழித்துவிடலாமா, அப்படி இறங்கியவர்களுக்கு நடைமுறையில் என்ன தொல்லை வருகிறது, ஸ்கேனர் எது வாங்கலாம்.

நான் காரைக்குடியில் ஒரு வரி ஆலோசகரிடம் கணக்கு வேலை பார்க்கிறேன். கடைகளுக்கு ஜிஎஸ்டி, வருமான வரி. அதோடு கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் சொத்து வரி, மராமத்துச் செலவு, பங்காளிகளுக்குள் செலவுப் பிரிவினை. வீட்டுக்காரர்களில் பாதிப் பேர் சிங்கப்பூர், மலேசியா, சென்னை என்று இருக்கிறார்கள். வந்து போகும்போதெல்லாம் "எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிருங்க தம்பி, இந்தப் பொட்டியக் காலி பண்ணிருவோம்" என்பார்கள். ஆகவே இந்தக் கேள்வி எனக்குப் பிழைப்போடு சம்பந்தப்பட்டது.

ஸ்கேன் செய்வதுதான் இருப்பதிலேயே சுலபமான வேலை. ஆரம்ப வேகத்தில் அதை எல்லோரும் முடித்துவிடுகிறார்கள். அப்புறம்தான் மாட்டிக்கொள்வார்கள்: வேண்டிய தாளை வேண்டிய நேரத்தில் யார் தேடி எடுப்பது? தேடி எடுக்கும் சாவி யாரிடம் இருக்கிறது?

முதலில் தேடுவதைச் சொல்கிறேன். ஒருவர் பென் டிரைவ் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "எல்லாம் இதுல இருக்கு." இருந்தது. செயலி தானாக வைத்த தேதியும் நேரமும்தான் ஒவ்வொரு கோப்புக்கும் பெயர். தீர்வை ரசீது, அதற்கடுத்து பேரன் காதுகுத்துப் பத்திரிகை, அதற்கடுத்து கேஸ் பில், அப்புறம் யாரோ ஒருவரின் பான் கார்டு தலைகீழாக. பழைய வரி ரசீது ஒன்று தேவைப்பட்டபோது அவர் அந்தப் பென் டிரைவை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் கம்பியில் குத்தி வைத்திருந்த கட்டைத்தான் எடுத்துவந்தார். கம்பியில் குத்தும்போது காலவரிசை தானாக அமைந்துவிடுகிறது. நாம் எதுவும் யோசிக்க வேண்டியதில்லை. கணினியில் அந்த வரிசையை ஒரு ஆள் உட்கார்ந்து உண்டாக்க வேண்டும். அந்த ஆள் யார் என்று யாருமே முடிவு செய்வதில்லை.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இது புதிதாகச் சொல்ல வேண்டிய விஷயமே இல்லை. பர்மாவிலும் மலாயாவிலும் லேவாதேவிக் கடை நடந்த காலத்தில் முதலாளி இங்கே வளவில், அதாவது வீட்டில் இருப்பார், கடையை மேலாள் நடத்துவார், அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன். பெரும்பாலும் மூன்று வருஷத் தவணை. முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு மேலாள் ஊர் திரும்புவார், அடுத்தவர் கப்பல் ஏறுவார். ஆள் மாறிக்கொண்டே இருந்தும் கடை நின்றுபோகவில்லை. அன்றாடக் குறிப்பில் எழுதியது பேரேட்டில் ஆள்பேரில் ஏறும், பேரேட்டிலிருந்து ஐந்தொகை (மொத்த வரவுசெலவு, இருப்புக் கணக்கு) வரும் என்ற ஒழுங்கு எல்லாக் கடைக்கும் பொது. புதிதாக வந்து உட்காருபவர் முதல் நாளே எந்த ஏட்டைப் புரட்டுவது என்று தெரிந்துதான் உட்காருவார். இன்றைக்கு ஒரு கடையின் கூகுள் டிரைவைத் திறந்தால், அதை உருவாக்கிய பையன் வேலையை விட்டுப் போயிருந்தால், அவ்வளவுதான்.

கோட்டையூர் ரோஜா முத்தையா சேகரித்து வைத்த நூல்களும் துண்டறிக்கைகளும் பத்திரிகைகளும் என்ன ஆயின என்று பாருங்கள். அவர் 1992ல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. ஆனாலும் அது அமெரிக்காவுக்குப் போகாமல் 1994ல் சென்னையிலேயே நூலகமாக அமைந்தது. அங்கே பட்டியல் போட்டார்கள், மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள், மூலத்தையும் காப்பாற்றுகிறார்கள். படம் எடுத்தாகிவிட்டது என்று தாளை எடைக்குப் போடவில்லை. நம் வீடுகளில் நடப்பது தலைகீழ். பட்டியல் கிடையாது, படம் மட்டும் உண்டு, தாள் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்குப் போய்விடும். அங்கே பழைய பேரேடுகளை அலங்காரப் பொருளாக வாங்கிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

"தேடினால் கிடைத்துவிடுமே, எழுத்தையே கம்ப்யூட்டர் படிக்கிறதே" என்பார்கள். அச்சிட்ட தமிழை இப்போது நன்றாகவே படிக்கிறது, மறுக்கவில்லை. கையெழுத்து என்றால் தடுமாறும். அதிலும் பழைய பேரேடு என்றால் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸ என்று ஒரு தனி உலகம். கணினி எழுத்துகளுக்கான உலகப் பொதுத் தரமான யூனிகோடில் இவற்றுக்கெல்லாம் இடம் இருக்கிறது. மாகாணி, முந்திரி போன்ற பின்னக் குறிகள்கூட 2019ல் வந்த 12ஆம் பதிப்பில் சேர்ந்துவிட்டன. ஆனால் வேகமாக எழுதிய கணக்கப்பிள்ளையின் கோட்டைப் பார்த்து இது இன்ன குறி என்று சொல்ல, இன்றைக்கும் பழகிய கண் வேண்டும். ஆண்டு இன்னொரு குழி. ஏட்டில் "ராட்சச வருஷம்" என்று மட்டும் இருக்கும். அது 1915–16ஆ, 1975–76ஆ? அறுபது வருஷச் சுற்றில் இரண்டும் ராட்சசதான். கோப்புக்குப் பெயர் வைக்கும்போதே, பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே, ஆங்கில ஆண்டைக் கேட்டுப் போட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே "டிஜிட்டலாக" இருப்பவையும் பாதுகாப்பாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஊர்ச் சங்கங்களில் புள்ளிக் கணக்கு (கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளியாக எண்ணுவது), வரிப் பட்டியல் எல்லாம் ஒரு காலத்தில் பாமினி மாதிரி எழுத்துருக்களில் அடித்து வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வரும். தமிழக அரசே 2010ல்தான் யூனிகோடைத் தன் தரமாக அறிவித்தது. அதற்கு முந்தைய கோப்பு இருந்தால் இப்போதே மாற்றி, பிடிஎஃப்பாகவும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை செய்யும் இடத்தில் பிரச்சினை வேறு மாதிரி. ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் போடும் பட்டறை ஒன்றின் கணக்கு எங்களிடம் இருக்கிறது. கண்ணாடிமேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்ட் கலவையைக் கரண்டியால் ஊற்றி, அச்சை எடுத்து, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, பிறகு தண்ணீர்த் தொட்டியில் போடுவார்கள். யார் எந்த டிசைனில் எத்தனை கல் போட்டார் என்பதுதான் கூலிக் கணக்கு. முதலாளியின் மகன் அதற்கு ஒரு ஷீட் தயார் செய்து ஆளாளுக்குப் போனில் ஏற்றிக் கொடுத்தார். கை முழுக்கச் சிமெண்ட். திரை கைக்கு அடங்கவில்லை. ஒரே வாரத்தில் பழைய கோடு போட்ட நோட்டு திரும்பி வந்துவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பிடிக்கும்: ஓரமெல்லாம் சிவப்பும் பச்சையுமாக விரல் ரேகை, நடுவில் பென்சில் கோடுகள், ஐந்தாவது கோடு குறுக்கே. இப்போது சாயங்காலம் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள், இங்கே நாங்கள் ஷீட்டில் ஏற்றுகிறோம். கூலியில் சந்தேகம் வந்தால் நோட்டுதான் பேசும். வேலையாள் தன் கையால் போட்ட கோட்டை நம்புகிறார். நம் எக்ஸெலை நம்ப வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. இதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன்.

சட்டப் பக்கம். உயில் தாளில்தான் இருக்க வேண்டும். எழுதியவர் கையெழுத்தும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, மின்னணு ஆவணங்களுக்குக் கொடுத்த அங்கீகாரத்திலிருந்து உயிலையும் அறக்கட்டளைப் பத்திரத்தையும் விலக்கி வைத்திருக்கிறது. மூலப்பத்திரத்தைத் தூக்கிப் போடுவது பைத்தியக்காரத்தனம். நாளைக்கு வீட்டின்மேல் கடன் வாங்கப் போனால் வங்கி அசலைத்தான் வாங்கி வைத்துக்கொள்ளும். வில்லங்கச் சான்றும் பட்டாவும் இணையத்தில் எடுக்கலாம் என்பதற்காகப் பத்திரம் வேண்டாததாகிவிடாது. அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் ஒரு நுணுக்கம் உண்டு: துறை நேரடியாக வழங்கி அதற்குள் வருவதுதான் அசலுக்குச் சமம். நீங்கள் படம் பிடித்து ஏற்றியது வெறும் படம். இரண்டும் ஒரே செயலிக்குள் இருப்பதால் ஆட்கள் குழம்புகிறார்கள். வழக்கு வருமென்றால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணு ஆவணத்தோடு சான்றிதழும் சேர்த்துத் தர வேண்டும். ஜிஎஸ்டி கணக்கை மின்னணுவில் வைக்கலாம், தடையில்லை. ஆனால் ஆண்டு விவரத் தாக்கலுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் இருக்க வேண்டும், நகலும் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

கட்டாயம் ஸ்கேன் செய்ய வேண்டியதைத்தான் நம் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். கடைகளில் தரும் வழவழப்பான பில், ஏடிஎம் சீட்டு எல்லாம் சூட்டில் எழுத்து தோன்றும் தாள். நம்மூர் வெயிலில் சட்டைப்பையில் கிடந்தாலே வெளுக்கும். வாங்கிய அன்றே படம் எடுங்கள். லேமினேஷன் செய்து பத்திரப்படுத்தலாம் என்று மட்டும் போய்விடாதீர்கள், அந்தச் சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துவிடும்.

இனி சாவி. இதில்தான் நான் கண்ட பெரிய கஷ்டங்கள். ஒரு ஆச்சி வந்தார்கள். கணவர் காலமாகிச் சில மாதம் ஆகியிருந்தது. கைப்பையிலிருந்து அவருடைய போனை எடுத்து, முந்தானையால் துடைத்து என்னிடம் நீட்டினார்கள். "தம்பி, எல்லாத்தையும் இதுக்குள்ளதான் வச்சிருக்கேன், ஒண்ணுக்கும் கவலப்படாதேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. போனு இருக்கு. தொறக்கத்தான் யாருக்கும் தெரியலை." வைப்புத்தொகை, காப்பீடு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் ஒரே மின்னஞ்சலில். அதற்குள் நுழைய ஓடிபி அவர் எண்ணுக்குத்தான் போகும். அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்ய வேண்டும் என்று வெளிநாட்டுப் பிள்ளைகளில் யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் ஒவ்வொரு வங்கியாக இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கொண்டு அலைந்துதான் தீர்ந்தது. அவ்வளவும் தாள். இரும்புப் பெட்டியில் வைத்திருந்தால் கொத்துச்சாவி ஆச்சி இடுப்பில் இருந்திருக்கும்.

கூகுள் கணக்கை இரண்டு வருஷம் யாரும் தொடாவிட்டால் அதை உள்ளே இருப்பவற்றோடு நீக்கிவிடலாம் என்பது 2023லிருந்து அவர்கள் கொள்கை. இதற்கு வழியும் அவர்களே வைத்திருக்கிறார்கள்: இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர் என்ற அமைப்பில், குறிப்பிட்ட மாதங்கள் கணக்கு சும்மா கிடந்தால் யாருக்குத் தகவல் போக வேண்டும், எதை அவர்கள் எடுக்கலாம் என்று சொல்லி வைக்கலாம். இன்றைக்கே செய்துவிடுங்கள். கூட்டுச் சொத்து என்றால் ஒருத்தர் பெயரில் இருக்கும் டிரைவில் எல்லாவற்றையும் போடாதீர்கள். பங்காளிகளுக்குள் மனத்தாங்கல் வந்த மறுநாள் அனுமதியை எடுத்துவிட்டால் மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுப் பட்டாலைக் கூடத்தில் இருக்கும் பெட்டியை அப்படி ராத்திரியோடு ராத்திரியாக ஒளிக்க முடியாது.

செயலியை நம்பி இருப்பதும் இதே வகைதான். 2020 ஜூனில் மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் கேம்ஸ்கேனரும் ஒன்று. கூகுள் போட்டோஸில் அளவில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1 முதல் இல்லை. ஆக, எந்தச் செயலியில் எடுத்தாலும் பிடிஎஃப்பாக வெளியே எடுத்து, ஒரு ஹார்டு டிஸ்கிலும் இன்னொரு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டிலும் நகல் வையுங்கள். மின்வெட்டு, நெட் இல்லாமை எல்லாம் சின்ன விஷயம். எங்கள் பக்கத்துச் சுவர் கனத்துக்கு வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் சிக்னலே வராது, முகப்புக்கு வந்துதான் ஏற்ற வேண்டும். அதற்குப் பழகிக்கொள்ளலாம்.

ஸ்கேனர் விஷயம். மாதாமாதம் வரும் பில், வவுச்சர் போன்ற புதுத் தாள் கட்டுக்கட்டாக இருந்தால் தானாகத் தாள் இழுக்கும் ஸ்கேனர் வாங்குங்கள், படத் துல்லியம் 300 டிபிஐ போதும். எட்டாக மடித்துப் பல வருஷம் கிடந்த பத்திரத்தையும் பழைய ஏட்டையும் அதற்குள் விடாதீர்கள், மடிப்பில் கிழிந்துவிடும். அவற்றைத் தரையில் விரித்து, வளவு முற்றத்து வெளிச்சத்தில், ஃப்ளாஷ் போடாமல், போனில் மேலிருந்து நேராகப் படம் எடுப்பதே நல்லது. எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாகுமெண்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருங்கிப்போய் சர்வே எண் படிக்க வராது.