வாசகர் கேள்வி பதில்: திரும்பி வரும் வண்டியை முதலில் பாருங்கள்

"அண்ணாச்சி, வர்ற ஞாயித்துக்கிழமை மதுரைக்குப் போய் மீனாட்சியம்மனைக் கும்பிட்டுட்டு, கொஞ்சம் துணிமணி எடுத்துட்டு அன்னைக்கே திரும்பணும். நாங்க ரெண்டு பேர், ஏழு வயசுப் பையன், எழுபத்திரண்டு வயசு ஆச்சி. ஜெனரல் பெட்டி போதுமா, ரிசர்வ் பண்ணணுமா? எந்த வண்டி தோது?"
— ஒரு வாசகி, பாளையங்கோட்டை

போகிற வண்டியை விடுங்கள் அம்மா, திரும்புகிற வண்டியை முதலில் முடிவு செய்யுங்கள். ஒரு நாள் பயணம் கெடுவது பெரும்பாலும் அங்கேதான். காலையில் நம் திருநெல்வேலி ஜங்ஷனில் ஏறும்போது கூட்டம் சமாளிக்கிற அளவில்தான் இருக்கும். மாலையில் மதுரைக்கு வரும் வண்டிகளோ சென்னையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வழியெல்லாம் ஆளை ஏற்றிக்கொண்டு வருபவை. பகலெல்லாம் நடந்து களைத்த ஆச்சியை அந்த ஜெனரல் பெட்டி வாசலில் நிறுத்த வேண்டாம். பணம் போட்டு ரிசர்வ் செய்வதானால் திரும்பும் பயணத்துக்குச் செய்யுங்கள். காலையில் ஜெனரல் போதும்.

தூரம் சுமார் 157 கி.மீ. எக்ஸ்பிரஸ் இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரம் எடுக்கும். விடிந்ததும் வடக்கே போகிறவற்றில் உங்களுக்கு ஒத்து வருபவை வந்தே பாரத்தும் செங்கோட்டை–ஈரோடு வண்டியும். பின்னது முழுக்க முன்பதிவில்லாதது, நின்று நின்றுதான் போகும், டிக்கெட் மலிவு. நாகர்கோவில்–கோவை பகல் எக்ஸ்பிரஸ் அதற்கும் பிறகுதான் வரும். அதில் போனால் மதுரையில் இறங்கும்போதே உச்சி நெருங்கிவிடும். மீனாட்சியம்மன் கோயில் நடை பகல் 12.30க்குச் சாத்தி மாலை 4 மணிக்குத்தான் திறக்கும் என்பதால், கோயில்தான் நோக்கம் என்றால் அந்த வண்டி வேண்டாம். திரும்புவதற்கு குருவாயூர் எக்ஸ்பிரஸ், ஈரோடு–செங்கோட்டை, வந்தே பாரத் மூன்றும் மாலைக்கு மேல் மதுரையைக் கடக்கும். கால அட்டவணை மாறிக்கொண்டே இருப்பதால் சரியான மணியை முந்தின நாள் ரயில்வே விசாரணை எண்ணான 139க்கு அடித்துக் கேட்டுக்கொள்ளுங்கள். வந்தே பாரத் வாரத்தில் ஆறு நாள்தான் ஓடும், அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இனி வகுப்பு. இதில்தான் பலர் காசை விடுகிறார்கள். ஸ்லீப்பருக்குக் குறைந்தபட்சக் கட்டணத் தூரம் 200 கி.மீ. நீங்கள் கோவில்பட்டியில் இறங்கினாலும் மதுரையில் இறங்கினாலும் 200 கி.மீ.க்கு உரிய கட்டணம்தான். மூன்றடுக்கு ஏ.சி.க்கு அது 300 கி.மீ. ஆகவே மதுரைக்கு மூன்றடுக்கு ஏ.சி. எடுப்பவர் கிட்டத்தட்ட இரட்டிப்புத் தூரத்துக்குப் பணம் கட்டுகிறார். உட்கார்ந்து போகும் இரண்டாம் வகுப்பு, அதாவது 2எஸ், கிடைத்தால் அதுதான் கணக்குக்குச் சரி. அதில் முன்பதிவுக் கட்டணம் ஆளுக்கு 15 ரூபாய், சூப்பர்ஃபாஸ்ட் என்றால் இன்னொரு 15. எல்லா வண்டியிலும் 2எஸ் பெட்டி கிடையாது. இல்லாத வண்டியில் ஸ்லீப்பர் எடுங்கள். ஆச்சி பகலிலும் சற்றுச் சாய்ந்துகொள்ளலாம், ஆனால் காலை 6 முதல் இரவு 10 வரை அந்தப் படுக்கை மற்றவர்களுக்கும் இருக்கைதான்.

பையனுக்கு ஏழு வயது என்பதால் ஒரு கணக்கு இருக்கிறது. ஜெனரலில் அரை டிக்கெட். ஸ்லீப்பரில் அவனுக்குத் தனிப் படுக்கை வேண்டாம் என்று குறித்தால் அரை, வேண்டுமென்றால் முழு. 2எஸ், வந்தே பாரத் போன்ற இருக்கை வண்டிகளில் அந்தச் சலுகை கிடையாது, முழு டிக்கெட்தான். ஆச்சிக்கு முதியோர் சலுகை இருக்கும் என்று நினைக்க வேண்டாம், 2020 மார்ச்சில் நிறுத்தியது இன்னும் திரும்ப வரவில்லை. வயதை மட்டும் சரியாகக் குறியுங்கள், கீழ்ப் படுக்கை ஒதுக்கீட்டுக்கு அது உதவும்.

காலையிலேயே போக வர இரண்டுக்கும் ஜெனரல் டிக்கெட் எடுத்து வைத்துக்கொள்ளும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். 200 கி.மீ.க்குக் குறைந்த தூரத்துக்கு எடுத்த முன்பதிவில்லாத டிக்கெட்டில் மூன்று மணி நேரத்துக்குள், அல்லது அந்த ஊருக்குப் போகும் முதல் வண்டியில், பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். காலையில் எடுத்த திரும்பும் டிக்கெட் மாலையில் வெறும் காகிதம்.

ஜெனரல் டிக்கெட்டை ரயில்வேயின் ரயில்ஒன் செயலியில் எடுத்தால் மூன்று விஷயம். ஒன்று, ஸ்டேஷனுக்குள் நின்றுகொண்டு காகிதமில்லா டிக்கெட் எடுக்க முடியாது. கொஞ்சம் வெளியே இருக்கும்போதே எடுங்கள், அல்லது ஸ்டேஷனில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள். இரண்டு, அந்த டிக்கெட்டை ரத்து செய்ய முடியாது. மூன்று, டி.டி.ஆர். கேட்டால் செயலியைத் திறந்துதான் காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. எடுக்கும்போது வண்டி வகையும் கேட்கும். எண் 12, 20, 22 என்று தொடங்கினால் அது சூப்பர்ஃபாஸ்ட். சாதாரண டிக்கெட்டோடு அதில் ஏறிப் பிடிபட்டால் வித்தியாசத் தொகையோடு அபராதமும் கட்ட வேண்டியிருக்கும், அபராதம் குறைந்தது 250 ரூபாய். மிச்சம் பிடித்தது 15 ரூபாய்!

மதுரையில் இறங்கியதும் கிழக்குப் பக்கம் வெளியே வாருங்கள். டவுன்ஹால் ரோடு நேரே கோயில் பக்கம் கொண்டுபோய் விடும். சுமார் ஒரு கி.மீ., ஆச்சிக்கு ஆட்டோ. பையை ஸ்டேஷன் கிளோக் ரூமில் போடுவதானால் பூட்டு கொண்டு போங்கள். பூட்டாத பையை வாங்க மாட்டார்கள், பயண டிக்கெட்டும் கேட்பார்கள். கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. எந்த வாசலில் ஒப்படைத்தீர்களோ அதே வாசலுக்கு வந்துதான் வாங்க வேண்டும் என்பதால் கோபுரத்தின் திசையை நினைவில் வையுங்கள். திரும்பும் வண்டியின் எண், பெட்டி, இருக்கை மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஆச்சியின் சுருக்குப்பையில் போட்டுவிடுங்கள். போனில் சார்ஜ் இறங்கினாலும் கவலை இல்லை.

நடை சாத்தியிருக்கும் மூன்றரை மணி நேரத்தில் சாப்பாடு, துணிக்கடை, திருமலை நாயக்கர் மகால் மூன்றும் அடங்கும். புதுமண்டபத்துக் கடைகளைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அவை குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன.

வந்தே பாரத்தில் வந்தால் கதவு தானாக மூடிக்கொள்ளும். வழியனுப்ப வந்தவர் சாமான் வைக்க உள்ளே ஏறினால் அடுத்த நிறுத்தம் வரை உங்களோடு வரவேண்டியதுதான்.

"திருவனந்தபுரத்துக்குப் போகும் வண்டி நாகர்கோவில் ஜங்ஷனுக்குப் போகாமல் டவுனில் நிற்கிறதே, ஏன்? திருவனந்தபுரத்தில் எந்த ஸ்டேஷனில் இறங்குவது?"
— ஒரு வாசகர், வள்ளியூர்

திருநெல்வேலிப் பக்கமிருந்து ஜங்ஷனுக்குள் போகும் வண்டி திருவனந்தபுரத்துக்குத் தொடர எஞ்சினை மறுமுனைக்கு மாற்ற வேண்டும். அந்த நேரத்தை மிச்சப்படுத்தச் சில வண்டிகள் புறவழியாக நாகர்கோவில் டவுன் தொட்டுப் போய்விடுகின்றன. ஆகவே நாகர்கோவிலில் யாரையாவது சேர்த்துக்கொள்வதாக இருந்தால் ஜங்ஷனா டவுனா என்று டிக்கெட்டில் பார்த்துச் சொல்லுங்கள். திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமி கோயிலுக்கும் கிழக்கே கோட்டைக்கும் சென்ட்ரல்தான் பக்கம். 'திருவனந்தபுரம் நார்த்' என்று 2024 முதல் எழுதப்படுவது பழைய கொச்சுவேளி, 'சவுத்' என்பது பழைய நேமம். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். கோயிலுக்கு ஆண்கள் வேட்டி, மேலே சட்டை கூடாது. பெண்கள் சேலை.

நாகர்கோவில் வரை இரட்டைப் பாதை. அதற்கு அப்பால் எதிர்வண்டிக்குக் காத்திருந்து தாமதமாகும் இடங்கள் உண்டு, அங்கே போய் வேறு வண்டி பிடிப்பவர் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். போகும்போது வலது பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள், ஆரல்வாய்மொழி வரை மலை உங்களோடு வரும்.

"மதுரைக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, கோவில்பட்டியில் இறங்கி மாமா வீட்டில் சாப்பிட்டுவிட்டு அடுத்த வண்டியில் போகலாமா?"
— ஒரு வாசகர், தாழையூத்து

கூடாது. வழியில் இறங்கித் தங்கும் வசதி 500 கி.மீ.க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்குத்தான். கோவில்பட்டிக்கு ஒன்று, அங்கிருந்து மதுரைக்கு ஒன்று எடுங்கள்.

"ஆன்லைனில் எடுத்தது, வெயிட்டிங் லிஸ்ட் 6. வண்டியில் ஏறி டி.டி.ஆரிடம் கேட்டுக்கொள்ளலாமா?"
— ஒரு வாசகி, மேலப்பாளையம்

சார்ட், அதாவது இடம் ஒதுக்கிய இறுதிப் பட்டியல், போட்ட பிறகும் உறுதியாகவில்லை என்றால் அந்த இ-டிக்கெட் தானாக ரத்தாகிவிடும், பணம் கணக்குக்குத் திரும்பும். அதோடு ஏறினால் டிக்கெட் இல்லாத பயணி என்றுதான் கணக்கு. காலை வண்டிகளுக்கு சார்ட் முந்தின நாள் இரவே வந்துவிடுகிறது. அப்போதே பார்த்து, சார்ட்டுக்குப் பிறகு மிச்ச இடங்களை விற்கும் கரண்ட் புக்கிங்கில் இடம் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் ஜெனரல் டிக்கெட்.

"செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையைப் பார்க்கக் கொல்லம் வரை ஒரு நடை போய் வரலாம் என்று இருக்கிறோம். பாலருவி எக்ஸ்பிரஸ் போதுமா?"
— ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பாலருவி போக வர இரண்டு பக்கமும் மலையை இருட்டில்தான் கடக்கும். குகைக்கும் வெளிக்கும் வித்தியாசம் தெரியாது. 1904இல் ஓடத் தொடங்கி, 2018இல் அகலப்பாதையாக முழுமையான அந்தப் பாதையைப் பகலில்தான் பார்க்க வேண்டும். பாலருவியில் இரவோடு போய்க் கொல்லத்தில் விடிய இறங்குங்கள். ஊரைப் பார்த்துவிட்டு, மதியத்தை ஒட்டிக் கிளம்பும் சென்னை எக்ஸ்பிரஸில் திரும்புங்கள். பதின்மூன்று கண் பாலமும் குகைகளும் நல்ல வெளிச்சத்தில் வரும். ஏற்றத்தில் வண்டி மெதுவாகவே நகரும் என்பதால் படமெடுக்க அவசரப்பட வேண்டாம், வாசலில் தொங்கவும் வேண்டாம். அந்த வண்டி தென்காசியிலிருந்து ராஜபாளையம் பக்கம் திரும்பிவிடும். நீங்கள் தென்காசியில் இறங்கி, அம்பை வழியாக வரும் திருநெல்வேலி பாசஞ்சருக்கு மாற வேண்டும். அதன் நேரத்தை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் தென்காசியிலிருந்து அம்பைக்குப் பஸ்தான்.