மண்டபத்தில் மீன் பார்க்க

அன்புள்ள ஐயா,

மே விடுமுறையில் ராமேசுவரம் வருகிறோம். பிள்ளைகள் இருவர் (12, 8 வயது), முழங்கால் வலியுள்ள மாமியார், நாங்கள் இருவர். போன வருடம் கண்ணாடிச் சுரங்கம் வைத்த பெரிய மீன் காட்சியகம் ஒன்றுக்குப் போனோம். அரை மணி நேரத்தில் பிள்ளைகளுக்குச் சலித்துவிட்டது. எடுத்த படங்களில் எங்கள் முகமும் டியூப் லைட்டும்தான் தெரிகின்றன. மண்டபம் என்ற ஊரில் உள்ள காட்சியகம் அதைவிடச் சின்னது என்கிறார்கள். போகலாமா, இல்லை கண்ணாடி அடிப் படகே போதுமா?

ஒரு வாசகி, விருதுநகர்

அன்புள்ள சகோதரிக்கு,

போகலாம். சுரங்கம், தலைக்கு மேல் சுறா என்று பிள்ளைகளிடம் ஆசை காட்டாமல் கூட்டி வாருங்கள். மண்டபத்தில் இருப்பது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம். ராமநாதபுரத்திலிருந்து வரும்போது பாம்பன் பாலத்துக்கு முன்பே வந்துவிடும். இந்தியாவில் கடல் விரால் (கோபியா) மீனை முதன்முதலாகக் குஞ்சு பொரிக்க வைத்தது இங்கேதான், 2010-இல். 1960-களில் ஒரு ஜோடிக் கடற்பசுக்களை இங்கே வைத்து வளர்த்தார்கள். அரசு நிறுவனம் என்பதால் திறக்கும் நாளையும் நேரத்தையும் கிளம்புமுன் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடந்துகொண்டே பார்த்தால் எந்தக் காட்சியகமும் அரை மணி நேரம்தான். ஐந்தாறு தொட்டிகளைத் தேர்ந்துகொண்டு ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். திருக்கை மணலில் படுத்திருந்தால் கண்ணுக்குப் பின்னால் ஒரு துளை திறந்து மூடுவது தெரியும். வாய் அடிப்பக்கம் இருப்பதால், மணலை விழுங்காமல் அந்தத் துளை வழியே தண்ணீரை இழுத்து, வயிற்றுப் பக்கச் செவுள் பிளவுகளில் விடுகிறது. பாம்பு போல் நீண்ட அஞ்சாலை மீன் வாயைப் பிளந்து பிளந்து மூடும். பயமுறுத்துகிறது என்பார்கள், மூச்சு விடுகிறது, அவ்வளவுதான். கிளாத்தி மீனின் முதுகில் முதல் முள்ளைப் பாருங்கள். பாறை இடுக்கில் புகுந்து அதை நிமிர்த்திவிட்டால் இரண்டாவது முள் பூட்டுப் போட்டுவிடும், இழுத்தாலும் வராது. கடற்குதிரையை நடுத்தண்ணீரில் தேடாதீர்கள்; செடித்தண்டில் வாலைச் சுற்றிக்கொண்டு கீழேதான் இருக்கும். முட்டையைப் பையில் சுமப்பது ஆண். கோமாளி மீன் கூட்டத்தில் பெரியது பெண்; அது செத்தால் அடுத்த ஆண் பெண்ணாக மாறும். எட்டு வயதுக்காரர் இதை நம்பமாட்டார், பன்னிரண்டு வயதுக்காரர் ஊரெல்லாம் சொல்வார்.

கண்ணாடியைத் தட்ட விடாதீர்கள். அதிர்வில் பேத்தை மீன் மிரண்டு மூலைக்குப் போய்விடும், வெளியே வர நேரமாகும். இரை போடும் நேரத்தை நுழைவுச்சீட்டு வாங்கும்போதே கேளுங்கள். அதற்குக் கொஞ்சம் முன்பு போனால் மீன்கள் துறுதுறுவென்று இருக்கும். தின்று முடித்தபின் மந்தமாகிவிடும், தண்ணீரும் கலங்கும்.

படத்துக்கு வருகிறேன். கண்ணாடியில் தெரிவது உங்கள் வெள்ளைச் சட்டைதான். அடர்நிறம் போட்டு வாருங்கள். பிளாஷை அணைத்துவிடுங்கள். பெரும்பாலான மீன்களுக்கு இமை கிடையாது, தண்ணீரில் மிதக்கும் துகளெல்லாம் வெள்ளைப் புள்ளியாகவும் விழும். செல்போன் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி, நேராகப் பிடியுங்கள். சாய்த்தால் தடித்த கண்ணாடியில் ஒளி விலகி ஓரமெல்லாம் நிறம் பிரியும். கேமரா என்றால் ஷட்டர் வேகம் 1/125 நொடிக்குக் குறையக் கூடாது, ஒளி உணர்திறனை (ஐஎஸ்ஓ) 1600 வரை ஏற்றலாம். தட்டைக் கண்ணாடி வழியே பார்க்கும்போது நாலடி தள்ளியிருக்கும் மீன் மூன்றடியில் இருப்பதுபோலத் தெரியும். அதனால் எல்லாமே நிஜத்தைவிடப் பெரிதாகத்தான் படும்.

படகு விஷயத்தில் மாதம்தான் முக்கியம். மண்டபத்தில் இரண்டு பக்கமும் கடல்: வடகடல் பாக் விரிகுடா, தென்கடல் மன்னார் வளைகுடா. மே மாதம் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும், தென்கடல் புரளும். பவளப்பாறைத் தீவுகள் தென்கடலில்தான் இருக்கின்றன. பாம்பன் பக்கத்துக் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறைப் படகில் போவதென்றால் காலையிலேயே போங்கள். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும், கடலடி தெரியாது. காற்று கூடினால் படகே விடமாட்டார்கள். மாமியாரைப் படகில் ஏற்றி இறக்குவது சிரமம், கரையிலேயே உட்காரட்டும். பிள்ளைகள் தண்ணீரில் ஆட அரியமான் பக்கம் போங்கள். வடகடல் அப்போது அமைதி. கார்த்திகையில் வந்தால் எல்லாம் நேர்மாறு.

தீவைச் சுற்றிப் பவளம் வெளுத்திருந்தால் செத்துவிட்டது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். கோடையில் தண்ணீர் சூடு 30, 31 டிகிரியைத் தாண்டி நீடித்தால், உள்ளே குடியிருக்கும் பாசி வெளியேறி நிறம் போகும். சூடு தணிந்தால் பல பவளங்கள் தேறிவிடும். 1998, 2010, 2016 ஆண்டுகளில் இங்கே பெரிய அளவில் வெளுத்தது.

மீன் இறங்குதளம் பார்க்கும் எண்ணம் இருந்தால், ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும், அதுவும் விடிகாலையில். கடையில் பவளத் துண்டோ காய்ந்த கடற்குதிரையோ யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். இரண்டும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. விற்றவரோடு வைத்திருப்பவர் மீதும் வழக்கு வரும்.