மாட்டை விற்க வேண்டாம், பால் நோட்டை எடுங்கள்

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பெண் பி.எஸ்சி. கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு. நேர்காணலில் "ஒரு நூலகத்துக்கு டேட்டாபேஸ் வடிவமைத்துக் காட்டு" என்று கேட்டிருக்கிறார்கள். டேட்டாபேஸ் என்றால் கணினியில் டேபிள்களாக (கட்டம் போட்ட பட்டியல்களாக) ஒழுங்குபடுத்தி வைத்த தகவல். நார்மலைசேஷன் விதிகள், அதாவது ஒரே தகவல் பல இடத்தில் வராதபடி டேபிள்களைப் பிரிக்கிற விதிகள், எல்லாம் மனப்பாடம். ஆனாலும் தாளில் இரண்டு கட்டம் போட்டதற்கு மேல் கை ஓடவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள். ஆறு மாத கோர்ஸில் சேர்த்தால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்ல, கறவை மாடு ஒன்றை விற்கலாமா என்று கேட்கிறீர்கள்.

விற்காதீர்கள். அவளுக்குப் பாடம் தெரிகிறது. ஒரு இடத்தில் வேலை எப்படி நடக்கிறது என்று கேட்டு, அதைத் தாளில் இறக்கிப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான். பாடப்புத்தகத்தில் டேபிள்கள் எல்லாம் தயாராகவே வரும், கேள்வி மட்டும்தான் இருக்கும். டேபிளை உருவாக்குவது எப்படி என்று வகுப்பில் யாரும் உட்கார்த்திவைத்துக் காட்டுவது குறைவு.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: இரண்டு வேளையும் சொசைட்டியில் பால் ஊற்றுகிறேன் என்று. உங்கள் பெண்ணுக்கு வேண்டியது அங்கேயே இருக்கிறது. ஒரு பால் சொசைட்டிக்கு டேட்டாபேஸ் வடிவமைக்கச் சொல்லுங்கள். விவரம் தெரிந்த ஆள் நீங்கள். அவள் கேட்க வேண்டும், நீங்கள் சொல்ல வேண்டும். கம்பெனியிலும் வேலை இப்படித்தான் தொடங்கும். எதிரே வாடிக்கையாளர் உட்கார்ந்திருப்பார், அதுதான் வித்தியாசம்.

முதலில் அவள் என்ன செய்வாள் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். தேதி, பெயர், ஊர், செல் நம்பர், காலையா மாலையா, லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்), ரேட், தொகை என்று ஒரே பெரிய டேபிள் போடுவாள். போடட்டும், தடுக்க வேண்டாம். பிறகு நீங்கள் மூன்று கேள்வி கேளுங்கள். என் செல் நம்பர் மாறிவிட்டது, எத்தனை இடத்தில் திருத்துவாய்? மாதத்துக்கு 60 வரி, வருடத்துக்கு 700-க்கு மேல். நேற்று ஒருவர் உறுப்பினராகச் சேர்ந்தார், இன்னும் பால் ஊற்றவில்லை, அவரை எங்கே எழுதுவாய்? ஒருவர் ஒரே ஒரு நாள் ஊற்றினார், அந்த வரி தவறு என்று அழித்தால் ஆளே காணாமல் போய்விடுவாரே? நார்மலைசேஷன் எதற்கு என்று அப்போது அவளுக்கே விளங்கும்.

அதன்பின் டேபிள்கள் தானாகப் பிரியும். உறுப்பினர் ஒன்று, பால் வரவு ஒன்று, விலைப்பட்டியல் ஒன்று, தீவனக் கடன் ஒன்று, பட்டுவாடா ஒன்று. உறுப்பினரின் பிரைமரி கீ, அதாவது ஒவ்வொருவரையும் தனித்து அடையாளம் காட்டுகிற பத்தி, எது? பெயர் ஆகாது, ஊரில் முருகேசன் நான்கு பேர் இருப்பார்கள். செல் நம்பரும் ஆகாது, ஒரு வீட்டுக்கு ஒரே நம்பர் இருக்கலாம், அதுவும் மாறும். சொசைட்டியின் உறுப்பினர் எண் நல்ல தேர்வாகத் தெரியும். ஆனால் அப்பா இறந்தபின் அதே எண்ணில் மகன் ஊற்றுகிற வழக்கம் அங்கே உண்டா? உண்டு என்றால் இரண்டு பேரின் கணக்கு ஒன்றாகக் கலந்துவிடும். அப்போது உள்ளுக்குள் வேறொரு எண் கொடுத்து, சொசைட்டி எண்ணைத் தனிப் பத்தியில் வைக்க வேண்டும். இதைச் செயலாளரிடம் கேட்டால்தான் தெரியும்.

பால் வரவு டேபிளில்தான் ருசி இருக்கிறது. ஒரு உறுப்பினர், ஒரு தேதி, ஒரு வேளை: இந்த மூன்றும் சேர்ந்து ஒரு முறைக்கு மேல் வரக்கூடாது என்று யூனிக் விதி போடுவாள். சரியாகத்தான் படும். நீங்கள் உடனே, "பசும்பால் ஒரு கேனிலும் எருமைப்பால் ஒரு கேனிலும் கொண்டுவந்தால்?" என்று கேளுங்கள். அப்படித் தனித்தனியாக அளக்கிற இடமாக இருந்தால் பால் வகையும் அந்த விதிக்குள் வர வேண்டும். ஒரு கேள்வியில் வடிவமே மாறுகிறது பாருங்கள்.

அடுத்தது ரேட். கொழுப்பையும் எஸ்.என்.எஃப்பையும் வைத்து விலைப்பட்டியலில் பார்த்துத்தான் லிட்டருக்கு இவ்வளவு என்று போடுகிறார்கள். பட்டியல் மாறும்போது பழைய விலையை அழித்துப் புதியதை எழுதினால், போன மாதத்து பில்லைத் திரும்ப எடுக்கும்போது புது விலையில் கணக்கு வரும், சண்டை வரும். எனவே விலைப்பட்டியலில் 'எந்தத் தேதியிலிருந்து' என்று ஒரு பத்தி கட்டாயம். இன்னொன்றும் செய்யச் சொல்வேன்: அன்று கொடுத்த ரேட்டை வரவு வரியிலேயே எழுதி வைக்க வேண்டும். கணக்கிட்டுப் பெறக்கூடியதைச் சேமிக்காதே என்று படித்திருப்பாள், தயங்குவாள். அன்றைக்கு என்ன ரேட் போட்டார்கள் என்பது அந்தப் பரிமாற்றத்தில் நடந்த உண்மை; அதை எழுதுவதில் தப்பில்லை. நேர்காணலில் இந்த இடத்தை விளக்கினால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

பணத்துக்கும் லிட்டருக்கும் டெசிமல் வகை (புள்ளி எண்ணை அப்படியே வைப்பது) போடச் சொல்லுங்கள், ஃப்ளோட் (தோராயமாக வைப்பது) வேண்டாம். ஃப்ளோட்டில் 0.1-உம் 0.2-உம் கூட்டினால் சரியாக 0.3 வராது, 0.30000000000000004 என்று வரும். பத்து நாள் பில்லில் பைசா இடிக்கலாம்.

டேபிள்கள் முடிந்ததும் கணினியில் ஏற்றட்டும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் இலவசம். வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப் போதும். உறுப்பினர்களின் உண்மைப் பெயர், வங்கிக் கணக்கு எதையும் ஏற்றக் கூடாது. கற்பனைப் பெயர்கள் போட்டுக்கொள்ளட்டும். ஃபாரின் கீ (ஒரு டேபிளின் எண் இன்னொரு டேபிளில் இருந்தாக வேண்டும் என்ற கட்டுப்பாடு) வைத்தபின், இல்லாத உறுப்பினர் எண்ணுக்குப் பால் வரவு போட்டுப் பார்க்க வேண்டும். டேட்டாபேஸ் மறுத்தால் சரி. அப்புறம் இரண்டு கேள்விக்கு எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி) எழுதட்டும். தீவனப் பிடித்தம் போக இந்தப் பத்து நாளுக்கு யாருக்கு எவ்வளவு? மூன்று நாளாகப் பால் ஊற்றாதவர் யார்? இரண்டாவதில் பெரும்பாலும் மாட்டிக்கொள்வாள். இரண்டு டேபிளை இணைக்கிற சாதாரண ஜாயின் போட்டால் வரவே இல்லாத ஆள் பட்டியலிலும் வரமாட்டார். வரவு இல்லாதவரையும் விடாமல் காட்டுகிற லெஃப்ட் ஜாயின் எதற்கு என்பது அங்கே மனதில் பதியும்.

இதெல்லாம் பழைய சரக்கு, ஏஐ வந்துவிட்டதே என்றும் கேட்டிருந்தீர்கள். பழையதுதான். ஐ.பி.எம் கணினி நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் 1970-இல் எழுதிய கட்டுரையில் இந்த டேபிள் முறை தொடங்கியது. 1981-இல் அவருக்குக் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது கிடைத்தது. வங்கிகளில் கணக்கு வைக்க இன்றும் இந்த அடிப்படையே கைகொடுக்கிறது. டேபிள் உருவாக்கும் கட்டளையை ஏஐ ஒரு நிமிடத்தில் எழுதித் தரும், உண்மை. உங்கள் ஊரில் எருமைப்பாலைத் தனியாக அளக்கிறார்களா என்பதை யாராவது போய்க் கேட்டு அதற்குச் சொல்ல வேண்டும். அந்த ஆளாக உங்கள் பெண் இருக்கட்டும்.

வேலை பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். புதிதாகப் படித்து வருகிறவரை 'டேட்டாபேஸ் டிசைனர்' என்று எடுப்பது அரிது. டெவலப்பர், டெஸ்டர், டேட்டா அனலிஸ்ட், சப்போர்ட் என்ற பெயர்களில்தான் நுழைய வேண்டியிருக்கும். நான்கிலும் எஸ்க்யூஎல் கேட்பார்கள். முதுகலை ஆசை இருந்தால் அதற்கான நுழைவுத் தேர்வான கேட் (GATE) தேர்வின் கணினிப் பாடத்திட்டத்திலும் இந்தப் பகுதி முழுசாக இருக்கிறது, உழைப்பு வீணாகாது. கோர்ஸை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். இந்த வடிவமைப்பை முடித்த பிறகு எது தெரியவில்லை என்று அவளே சொல்வாள். அதற்கு மட்டும் தேடிக்கொள்ளலாம்.

ஒரு மாதம் கொடுங்கள். முதல் வாரம் லேப்டாப்பைத் திறக்கவே வேண்டாம். நாளைக் காலை பால் ஊற்றப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். வரிசை முடியும்வரை ஒரு நோட்டோடு ஓரமாக நிற்கட்டும், கூட்டம் கலைந்ததும் செயலாளரிடம் பேசட்டும். கட்டங்களும் கோடுகளும் வரைந்த தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் அப்படியே அனுப்பட்டும், எனக்கு அதுதான் வேண்டும்.