நவச்சார மிட்டாய்

அன்புள்ள ஐயா,

பின்லாந்தில் தாம்பெரே நகரில் முதுகலை படிக்கிறேன். இது முதல் பருவம். அறைத்தோழன் ஆசையாக ஒரு கறுப்பு மிட்டாய் கொடுத்தான். சல்மியாக்கி என்று பெயர். வாயில் போட்டதுமே துப்பிவிட்டேன். ஒரே உப்பு, அமோனியா நெடி. அவனோ ஒரு பொட்டலத்தை உட்கார்ந்த இடத்தில் தீர்க்கிறான். பதிலுக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த மாவடுவைக் கொடுத்தேன், அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இங்கே எல்லாமே சப்பென்று இருக்கிறது. அவித்த உருளைக்கிழங்கைக் கொண்டாடுகிறார்கள். மசாலா வாசனையே அறியாதவர்கள். இவர்களுக்கு ருசி என்றால் என்னவென்றே தெரியாதோ? டிசம்பரில் விடுதியில் ஆளுக்கொன்று சமைத்துச் சேர்ந்து சாப்பிடப் போகிறோம். நான் என்ன செய்யலாம்? இங்கேயே தங்கிவிட்டால் என் நாக்கு மாறிவிடுமா என்ற பயமும் இருக்கிறது.

ஆர்., தாம்பெரே

அன்புள்ள ஆர்.,

மூன்றரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும் ஊரில் முதல் நவம்பர். வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்காமல் எப்படி இருக்க முடியும்? ஏங்குங்கள், அம்மாவைக் கூப்பிட்டு அழக்கூடச் செய்யுங்கள். ஆனால் ‘இவர்களுக்கு ருசி தெரியாது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபோது கோபம்தான் வந்தது.

நீங்கள் துப்பிய மிட்டாயில் இருப்பது அதிமதுரமும், நவச்சாரம் என்கிற அமோனியா உப்பும். அதிமதுரத்தை இருமலுக்கு நம் வீடுகளில் காலம் காலமாகக் கொடுக்கிறோம். சல்மியாக்கியும் வட ஐரோப்பிய மருந்துக் கடைகளில் இருமலுக்கு விற்கப்பட்டு, பிறகு மிட்டாயானதுதான். நவச்சாரத்தை நான் அறிந்தது தெருவில். ‘பாத்திரத்துக்கு ஈயம் பூசறது’ என்று கூவிக்கொண்டு ஒருவர் வருவார். வேப்பமரத்தடியில் குழி தோண்டி, துருத்தி வைத்துக் கரியை ஊதி, பித்தளைப் பாத்திரத்தைக் கவிழ்த்துக் காய்ச்சுவார். காய்ந்ததும் நவச்சாரப் பொடியைத் தூவுவார். வெள்ளைப் புகை குப்பென்று எழும்பும், மூக்கு எரியும், கண் கரிக்கும். நாங்கள் ஒருவரும் நகர மாட்டோம். அந்த நெடிக்காகவே காத்து நின்றோம் என்று இப்போது தோன்றுகிறது. அப்புறம் வெள்ளீயத்தை உருக்கித் துணியால் ஒரு சுற்றுத் தேய்ப்பார், பாத்திரத்தின் உட்புறம் நிலவு மாதிரி ஆகிவிடும். அந்தப் பூச்சு இல்லாத பித்தளையில் புளி ஊற்றினால் களிம்பேறிவிடும். நவச்சாரம் அழுக்கை எடுக்காவிட்டால் ஈயம் ஒட்டாது. உங்கள் பாட்டி பித்தளையில் புளிக்குழம்பு வைத்தவர் என்றால், அந்தக் குழம்புக்குப் பின்னால் இந்த நெடி இருந்தது.

இன்னொன்று. நவச்சாரம் நாக்கில் புளிப்பை உணரும் அதே ஏற்பிப் புரதத்தைத் தூண்டுகிறது என்று 2023இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதையும் ஓர் அடிப்படைச் சுவையாகக் கருதலாமா என்றே கேட்கிறார்கள். நீங்கள் ‘அமோனியா நெடி’ என்று துப்பியதைத்தான்.

மாறாக, உங்கள் அளவுகோலான மிளகாயைப் பாருங்கள். மிளகாயின் எரிச்சலை உணர்வது சூட்டையும் வலியையும் உணரும் ஏற்பி. அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். மிளகாய் இந்த மண்ணுக்கு வந்ததே போர்ச்சுக்கீசியர் வந்த பிறகு, 16ஆம் நூற்றாண்டில். அதற்கு முன் இங்கே சமைத்தவர்களுக்கு ருசி தெரியாதா? பால் ராசின் என்ற உளவியலாளர் மெக்சிகோ கிராமம் ஒன்றில், குழந்தைகள் மிளகாய்க்குப் படிப்படியாகப் பழகுவதைக் கவனித்தார். மிளகாய் கலந்த மிச்சத்தைத் தின்றே வளரும் அவ்வூர் நாய்களும் பன்றிகளும் அதை விரும்பத் தொடங்கவில்லை. மனிதக் குழந்தைதான், சுற்றி எல்லோரும் விரும்பிச் சாப்பிடுவதைப் பார்த்து அந்த எரிச்சலைத் தனதாக்கிக்கொள்கிறது. நாமும் குழந்தைக்கு ரசம் சாதம் ஊட்டி, அது ‘ஸ்ஸ்’ என்றால் சர்க்கரையைத் தொட்டு வைத்து அடுத்த கவளத்தைக் கொடுக்கிறோம். உங்கள் அறைத்தோழனுக்கு அவன் வீட்டில் கறுப்பு மிட்டாய் அப்படித்தான் வந்திருக்கும்.

சப்பு என்கிறீர்கள். காரம் இல்லாவிட்டால் உடனே சப்பு! நம்மவர்கள் எந்த ஊருக்குப் போனாலும் முதல் நாளே சொல்லிவிடும் சொல் இது, எனக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அங்கே கம்பு மாதிரிக் கறுத்த, ரை என்ற தானியத்தின் ரொட்டியைப் புளிக்க வைத்துச் சுடுகிறார்கள். நாடு சுதந்திரமடைந்த நூறாவது ஆண்டான 2017இல் தேசிய உணவாக மக்கள் அதைத்தான் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். பீமா என்று மோர் குடிக்கிறார்கள், கடையில் அட்டைப் பெட்டியில் கிடைக்கும். தயிரும் புளித்த மாவும் தின்று வளர்ந்த பிள்ளைக்கு இதெல்லாம் சப்பா? மசாலா வாசனை அறியாதவர்களாம். காப்பியோடு அவர்கள் சாப்பிடும் புல்லா என்ற இனிப்பு ரொட்டியை ஒருமுறை முகர்ந்து பார்த்திருந்தால் எழுதியிருக்க மாட்டீர்கள், அதில் மணப்பது ஏலக்காய், நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்த ஏலக்காய். உருளைக்கிழங்கைப் பற்றிச் சொல்ல ஜூன் வரட்டும். கோடையின் முதல் கிழங்கை வெண்ணெயும் டில் கீரையும் போட்டுத் தின்றுவிட்டு எழுதுங்கள்.

நாக்கு மாறுமா என்றால், மாறும், மாறட்டும். கர்ப்ப காலத்தில் கேரட் சாறு குடித்த தாய்மார்களின் குழந்தைகள் பின்னால் கேரட் கலந்த உணவை விரும்பிச் சாப்பிட்டதாக 2001இல் ஓர் ஆய்வு வந்தது. பிறப்பதற்கு முன்பே அம்மா கொடுக்கத் தொடங்கிய ருசி, இரண்டு வருடப் படிப்பில் எங்கே போய்விடும்?

விருந்துக்கு மிளகு ரசம் வையுங்கள். மிளகாய் வேண்டாம், மிளகையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், புளி ஆசியக் கடையில் கிடைக்கும். அவர்கள் ரொசொல்லி என்ற பீட்ரூட் சாலட் கொண்டு வருவார்கள். ஊறுகாய் பாட்டிலை அறையிலேயே விட்டுவிட்டுப் போய், ரொசொல்லியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.