"எந்த போனா இருந்தாலும் போட்டுத் தர்றேன்" என்கிறார் கடைக்காரர், நம்பலாமா?

ராஜபாளையத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கையில் 12,000 ரூபாய் இருக்கிறது. இப்போதிருக்கும் போனுக்கு அப்டேட் நின்று இரண்டு வருஷமாகிறது. அடுத்ததையாவது ஐந்து வருஷம் ஓட்ட வேண்டும், அதனால் கம்பெனி கைவிட்டாலும் லினேஜ் ஓ.எஸ். (தன்னார்வலர்கள் கட்டித் தரும் இலவச ஆண்ட்ராய்டு) போட்டுக்கொள்ள முடிகிற போனாக வேண்டும், உபுண்டு டச் (ஆண்ட்ராய்டு அல்லாத, லினக்ஸ் வகை ஓ.எஸ்.) என்றாலும் பரவாயில்லை. ஜியோ சிம், ஜிபே இரண்டும் அவசியம். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைக்காரர், "எந்த போனா இருந்தாலும் கொண்டாங்க, 2,500 ரூபாய்க்கு ஓ.எஸ். மாத்தித் தர்றேன்" என்று சொல்லி 500 ரூபாய் அட்வான்ஸும் வாங்கிக்கொண்டாராம். சரிதானா என்று கேட்கிறார்.

சரியில்லை. "எந்த போனா இருந்தாலும்" என்று ஒருவர் சொன்னாலே, அவருக்கு விஷயம் தெரியாது, அல்லது தெரிந்தே சொல்கிறார் என்று அர்த்தம்.

போனை ஆன் செய்ததும் முதலில் எழுந்து உட்காருவது பூட்லோடர் என்ற குட்டி நிரல். வாட்ச்மேன் மாதிரி. கம்பெனி கையெழுத்துப் போட்ட ஓ.எஸ்ஸை மட்டும்தான் உள்ளே விடுவார். வேறு எதையாவது போட வேண்டுமென்றால் அந்தப் பூட்டைத் திறக்க கம்பெனியே வழி வைத்திருக்க வேண்டும். விவோ, ஓப்போ போன்களில் நம் ஊர் வாடிக்கையாளருக்கு அப்படி வழி கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாம்சங்கில் இருந்தது, ஒன் யூ.ஐ. 8 என்ற அவர்களுடைய ஆண்ட்ராய்டு பதிப்பு வந்ததும் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். ஷாவ்மியில் உண்டு, ஆனால் அக்கவுண்டை போனோடு கட்டி, விண்ணப்பம் போட்டு, நாள்கணக்கில் தேவுடு காக்க வேண்டும், ஹைப்பர் ஓ.எஸ். என்ற அவர்களுடைய புதிய பதிப்பு வந்த பிறகு இன்னும் இறுக்கிவிட்டார்கள். நாம் காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறக்க நாமே மனுப்போட வேண்டியிருக்கிறது, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதே இதைவிடச் சுலபம். மோட்டோரோலாவில் அவர்கள் வலைத்தளத்திலேயே கேட்டால் திறப்பதற்கான குறியீடு மின்னஞ்சலில் வந்துவிடும், வாரண்டி போய்விடும் என்ற எச்சரிக்கையோடு. பிக்சல், நத்திங் இரண்டிலும் இன்னும் எளிது.

கம்பெனி வழி இல்லாத போனையும் சில கடைகளில் திறந்து தருகிறேன் என்பார்கள். யாரோ ஒருவருடைய சர்வீஸ் சென்டர் லாகினைக் கள்ளத்தனமாக வாடகைக்கு எடுத்து, உங்கள் போனைத் தூரத்திலிருந்து யாரோ இயக்கித் திறப்பது அது. 2019 இல் வந்த ஷாவ்மியின் ரெட்மி நோட் 8 ப்ரோவில் இந்த மாதிரி லாகின் வாடகை ஒரு தனி வியாபாரமாகவே நடந்தது. தப்பான ஃபைலைப் போட்டு போன் செத்துப்போனால் உயிர்ப்பிக்கக் கம்பெனி அனுமதி பெற்ற அக்கவுண்ட் வேண்டும், அதை வைத்திருந்தவர்கள் ஆளைப் பார்த்து விலை சொன்னார்கள். அப்புறம் அந்தக் கடைகளில் போடும் ஓ.எஸ். எங்கிருந்து வருகிறது? பென்டிரைவில். பென்டிரைவுக்கு? டெலிகிராம் குரூப்பில். அதை யார் கட்டியது, உள்ளே என்ன ஒளிந்திருக்கிறது என்பது கடைக்காரருக்கே தெரியாது. உங்கள் வங்கி மெசேஜ் வந்து விழப்போவது அந்த ஓ.எஸ்ஸில். லினேஜ் தளத்தில் அதே ஓ.எஸ். இலவசமாகக் கிடைக்கிறது, ஒரு லேப்டாப்பும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் நீங்களே போட்டுவிடலாம். திறக்கும்போது போனில் உள்ள அத்தனையும் அழிந்துவிடும், அதனால் போட்டோக்களை முதலில் எடுத்து வையுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் மட்டமான கேபிள் வேண்டாம், பலருக்கு "போனைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கவில்லை" என்று நிற்பது அந்த கேபிளால்தான்.

எந்த போன் என்று கேட்டால், செகண்ட் ஹேண்டில் மோட்டோரோலாவின் மோட்டோ ஜி82. கிடைக்காவிட்டால் ஜி52. இரண்டும் 2022 இல் இங்கே வந்தவை, முதலாவது 5ஜி, அடுத்தது 4ஜி. இரண்டிலும் 5,000 எம்.ஏ.எச். பேட்டரி, ஸ்னாப்டிராகன் சிப். ஆறு ஜிபி ரேம் உள்ளதாகப் பாருங்கள், நாலு ஜிபியில் ஐந்து வருஷம் என்பது பேராசை. பேட்டரி எப்படியும் களைத்திருக்கும், மாற்ற ஆகும் செலவையும் பட்ஜெட்டிலேயே சேர்த்துவிடுங்கள். டிஸ்ப்ளே ஏற்கெனவே மாற்றியதா என்று பாருங்கள், காப்பி டிஸ்ப்ளே என்றால் ஓரத்தில் நிறம் மங்கும், டச்சும் மக்கர் செய்யும். ஃபேர்ஃபோன்தான் பல வருஷம் ஓடும் என்று எல்லா ஆங்கிலக் கட்டுரையிலும் இருக்கும். நல்ல போன்தான். இந்தியாவில் விற்கவே இல்லை, வரவழைத்தால் ஒரு ஸ்க்ரூ கழன்றாலும் ஐரோப்பாவைப் பார்த்து உட்கார வேண்டியதுதான். பிக்சல் 6ஏ மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள், பேட்டரி சூடாகிற அபாயத்துக்காக 2025 இல் கூகுளே அப்டேட் அனுப்பி, 400 சார்ஜ் சுற்று தாண்டியவற்றின் கொள்ளளவைக் குறைத்தது.

வாங்கும் முன் லினேஜ் தளத்தில் அந்த மாடலின் பக்கத்தைத் திறந்து, கடைசி பில்ட் (அந்த மாடலுக்குக் கட்டி வெளியிட்ட ஓ.எஸ். ஃபைல்) தேதி என்னவென்று பாருங்கள். இந்த மாசத்துத் தேதியாக இருந்தால் உயிரோடு இருக்கிறது. பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ரெட்மி நோட் 8 இல் ஸ்னாப்டிராகன், அதன் ப்ரோவில் மீடியாடெக் சிப், 2021 என்று வால் ஒட்டி வந்த நோட் 8 இலும் மீடியாடெக். அட்டைப்பெட்டியில் கிட்டத்தட்ட ஒரே பெயர், உள்ளே வேறு வேறு போன், ஒன்றுக்கான ஓ.எஸ்ஸை இன்னொன்றில் போட்டால் போன் செங்கல் மாதிரி செத்துக் கிடக்கும். தளத்தில் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு செல்லப்பெயர் போட்டிருப்பார்கள், ஜி82க்கு ரோட்பி (rhodep), ஜி52க்கு ரோட் (rhode). அது பொருந்த வேண்டும்.

பழைய போன் வாங்கும்போது *#06# அடித்து வரும் ஐ.எம்.இ.ஐ. என்ற போனின் அடையாள எண்ணை, ஆங்கிலத்தில் கே.ஒய்.எம். என்று அடித்து ஒரு இடம் விட்டு எழுதி 14422க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். திருட்டு போனா என்று தெரிந்துவிடும். பழைய சொந்தக்காரரின் கூகுள் அக்கவுண்ட் போனில் இருக்கிறதா என்பதை அவர் கண்ணெதிரேயே பாருங்கள், முழுக்க அழித்து மறுபடி ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள். நான் ஒருமுறை இதைச் செய்யாமல் ஒரு கடையில் வாங்கினேன். யாரோ ஒருவருடைய மின்னஞ்சலைக் கேட்டுக்கொண்டு அந்த போன் இன்னும் என் மேஜை டிராயரில் கிடக்கிறது.

உபுண்டு டச் என்றால், ஜியோவை மறந்துவிடுங்கள். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டு வீடியோக்களில் யாரும் சொல்லமாட்டார்கள். ஏர்டெல்லில் இன்னும் 2ஜி இருக்கிறது, பி.எஸ்.என்.எல்லிலும் இருக்கிறது, 4ஜியில் பேச முடியாத போன் அந்தப் பழைய வழியில் இறங்கிப் பேசிவிடும். ஜியோவுக்கு அந்தப் பழைய வழியே கிடையாது, தொடங்கியதே 4ஜியில்தான், பேச்சும் அதற்குள்ளேயே டேட்டாவாகப் போகிறது. வோல்ட்டி என்பார்களே, அதுதான். அந்த வோல்ட்டியை இயக்கும் பகுதி சிப் கம்பெனியின் ரகசியச் சரக்கு. லினேஜ், ஆண்ட்ராய்டுக்குள்ளேயே இருப்பதால் அதை அப்படியே எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும். உபுண்டு டச், போஸ்ட்மார்க்கெட் ஓ.எஸ். போன்ற லினக்ஸ்களில் பெரும்பாலான போன்களுக்கு அது இல்லை. ஆக, நெட் வரும், வாட்ஸ்அப் வெப் திறக்கும், போன் மட்டும் அடிக்காது. உங்கள் அம்மா கூப்பிட்டால் "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்று கேட்கும். உபுண்டு டச்சில் ஒரு சில மாடல்களுக்கு வோல்ட்டி வந்திருக்கிறது, ஆனால் ஜியோவில் ஓடுகிறது என்று அதே மாடலை இந்தியாவில் வைத்திருக்கும் ஒருவர் சொன்னால் மட்டும் நம்புங்கள், ஜெர்மனிக்காரர் சொன்னால் போதாது. லினேஜிலும் போட்ட உடனே முதல் வேலையாக ஒரு கால் செய்து பாருங்கள், மற்ற ஆப் எல்லாம் அப்புறம்.

மிச்சம் இருப்பது ஜிபே. பூட்டைத் திறந்த போனை கூகுளின் பிளே இன்டக்ரிட்டி சோதனை மட்டம் தட்டும், அதைப் பார்த்து வங்கி ஆப்கள் கதவைச் சாத்தும். ஜிபே இன்று ஓடலாம், அடுத்த மாசம் ஓடாமல் போகலாம். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். போன மாசப் பாதுகாப்புத் திருத்தம்வரை போட்ட லினேஜ் போன் ஆபத்தானதாம், இரண்டு வருஷமாக ஒரு அப்டேட்டும் பார்க்காத உங்கள் ஓட்டை போன் நம்பகமானதாம்! பூட்டு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள், கூரை இருக்கிறதா என்று யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இதைச் சரிசெய்கிறேன் என்று டெலிகிராமில் கீபாக்ஸ் விற்பார்கள். எங்கிருந்தோ கசிந்த சாவி அது. கூகுள் கண்டுபிடித்து ரத்து செய்ததும் மறுபடி காசு கேட்பார்கள். வாங்காதீர்கள்.

அதனால் இப்போது கையில் இருக்கும் போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்க வேண்டாம். வங்கியில் பதிந்த எண்ணின் சிம்மை அதிலேயே விட்டு, அதில் ஜிபேயைத் தவிர வேறு எதையும் வைக்காமல், இரண்டாயிரம் மூவாயிரம் மட்டும் இருக்கும் தனிக் கணக்கை இணைத்துக்கொள்ளுங்கள். புது போனுக்கு வேறு எண். அப்டேட் நின்ற போனில் பணம் வைக்கச் சொல்வது எனக்கே சங்கடம்தான், வங்கிகள் வேறு வழி விட்டுவைக்கவில்லை.

அந்த 500 ரூபாய் அட்வான்ஸைத் திரும்பக் கேளுங்கள். தரமாட்டார். அதற்கு ஒரு டெம்பர்டு கிளாஸும், மூலையில் தடித்த ரப்பர் கவர் ஒன்றும் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள், ஜி82க்கு எப்படியும் தேவைப்படும்.