24 குளோனும் ஒரே ஜீன்: மாசா, இயல்பா?

கேள்வி: முயல் மண்ணீரலிலிருந்து ஆன்டிபாடி ஜீன்களைப் பி.சி.ஆர். செய்து 24 குளோன்களின் சீக்வென்ஸ் பார்த்தேன். எல்லாமே கிட்டத்தட்ட ஒரே வி ஜீன் (ஆன்டிபாடியின் முன்பகுதியை உருவாக்கும் ஜீன்). மாசு கலந்துவிட்டதா? சப்ளையர் புது பிரைமர் செட்டும், விலை கூடிய 'பலவகை ஜீன்' முயலும் வாங்கச் சொல்கிறார்.

பதில்: இரண்டையும் வாங்காதீர்கள். முயலிடம் நூற்றுக்கும் மேற்பட்ட வி ஜீன்கள் உண்டு. ஆனாலும் ஆன்டிபாடி தயாரிக்கும் அதன் பி செல்களில் 80 முதல் 90 சதவீதம் வி.எச்.1 என்ற ஒன்றையே எடுத்துக்கொள்கின்றன. குட்டி பிறந்த சில வாரங்களில், குடல்வாலில், மற்ற ஜீன்களின் துண்டுகள் அந்த வி.எச்.1-க்குள் நகலாகின்றன. குடல் பாக்டீரியா இல்லாவிட்டால் இது சரியாக நடக்காது.

முதலில் சி.டி.ஆர்.3 பகுதியை, அதாவது ஆன்டிபாடியில் மிக அதிகமாக மாறும் இடத்தை, வரிசையாக அடுக்கிப் பாருங்கள். குளோனுக்குக் குளோன் மாறினால் கவலை இல்லை. 24-லும் எழுத்து பிசகாமல் ஒன்றாகவே இருந்தால் மட்டும் மாசைச் சந்தேகப்பட்டு, டி.என்.ஏ. சேர்க்காத கன்ட்ரோல் குழாயைப் பாருங்கள்.

'பலவகை ஜீன்' என்று விற்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. 1956-ல் ழாக் உதேன் முயலில் கண்டறிந்த அல்லோடைப் (ஒரே இனத்தில் முயலுக்கு முயல் மாறும் ஆன்டிபாடி வகை) ஆய்வின் தொடர்ச்சியாகத் தெரியவந்தவைதான் வி.எச்.1-இன் ஏ1, ஏ2, ஏ3 என்ற வடிவங்கள். ஒரே ஜீனின் வடிவங்கள் என்று நம்பமுடியாத அளவுக்கு அவை வேறுபடுகின்றன. காரணம், அவற்றின் வயது. லீபஸ் என்ற காட்டுமுயல் (ஹேர்) பேரினத்திலும் இவற்றின் உறவுக்கார ஜீன்கள் இருக்கின்றன. அந்தப் பேரினம் நம் வளர்ப்பு முயலின் வழியிலிருந்து பிரிந்து ஒரு கோடி ஆண்டுகளுக்கும் மேலாகிறது. ஏ1, ஏ2, ஏ3 என்ற கிளைகள் அதற்கும் முந்தியவை. எந்தப் பண்ணைக்காரரும் உருவாக்கியதல்ல. ஒரு முயலுக்கு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. அவ்வளவுதான். மூன்றும் உள்ள முயல் என்று யாராவது சொன்னால் அது பொய்.

ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும்: அலிசியா முயல். அதில் வி.எச்.1 இருக்கும் துண்டே, சுமார் 10,000 எழுத்துகள், அறுந்துபோயிருக்கிறது. குட்டியாக இருக்கும்போது ஏ2 ஆன்டிபாடி அரிது. வளர வளர, வி.எச்.4 என்ற இன்னொரு ஜீனை எடுத்த செல்கள் பெருகி, அது துண்டுகளை வாங்கி வாங்கி ஏ2 போலவே மாறிவிடுகிறது. ஆக, ஒரே முயலில் வயதுக்கேற்ப விடை மாறும். உங்களுடையது சாதாரண வெள்ளை முயல் என்றால் இது பொருந்தாது.

இதையெல்லாம் முயலை வாங்கும்போதே யாராவது சொல்லியிருக்க வேண்டும். மூன்று கொட்டேஷன் கேட்கிறார்கள், ஐந்து கையெழுத்து கேட்கிறார்கள். பெற்றோர் யார் என்ற பதிவேட்டை மட்டும் யாரும் கேட்பதில்லை. அடுத்த முறை ஆர்டருக்கு முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.