டப்பாவில் போட்ட அளவை நம்பலாமா? சிஎன்சி கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் டூல் லைப்ரரி (பிட்களின் விட்டம், கோணம், வேகம் எல்லாம் சாஃப்ட்வேரில் எழுதி வைக்கும் பட்டியல்) பற்றியவை. மரம், அக்ரிலிக், எப்போதாவது கொஞ்சம் அலுமினியம் என்று வீட்டில் வைத்து, கம்ப்யூட்டர் சொல்கிறபடி வெட்டும் சின்ன சிஎன்சி ரவுட்டர் மிஷின்களை மனதில் வைத்துத்தான் பதில் எழுதியிருக்கிறேன். விஎம்சி (தொழிற்சாலையில் உலோகம் வெட்டும் பெரிய மிஷின்) ஓட்டுகிறவர்கள் சிரிக்காமல் கடந்து போகவும்.

3018 மிஷினோடு (30×18 செமீ வெட்டும் சின்ன சிஎன்சி) பத்து கூர் பிட் வந்தது. எம்டிஎஃப்-இல் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஒரு பள்ளம் எடுப்பதற்குள் இரண்டு முனை போச்சு. தப்பு என்னுடையதா, பிட்டுடையதா?

அந்தப் பத்தும் பெரும்பாலும் 20 அல்லது 30 டிகிரி, முனை 0.1 மிமீ உள்ள வி-பிட்கள் (V வடிவக் கூர் பிட்). பிசிபியில் (எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு) செம்பைக் கீறுவதற்காகச் செய்தவை. பள்ளம் எடுக்கச் சொன்னால் உடையத்தான் செய்யும். 3.175 மிமீ (கால் இஞ்சில் பாதி) எண்ட் மில்லில் (கூர் இல்லாத நேர் பிட்) இரண்டு வாங்குங்கள்: மரத்துக்கு இரண்டு ஃப்ளூட் (வெட்டும் விளிம்பு), அக்ரிலிக்குக்கு ஒற்றை ஃப்ளூட். எழுத்து வெட்ட ஒரு 60 டிகிரி வி-பிட். இப்போதைக்கு இவை போதும். தேக்கில் சிலிக்கா உண்டு, முனையைச் சீக்கிரம் மழுக்கும். அதற்கு கார்பைடு தவிர வேறு வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. 3.175 ஷாங்கை (பிட்டின் தண்டு) 3 மிமீ கோலட்டில் (பிட்டைப் பிடிக்கும் வளையம்) திணிக்காதீர்கள். கோலட் போய்விடும்.

பெட்டி செய்ய நாக்கும் துளையும் வெட்டுகிறேன். டிராயிங்கில் இரண்டும் சரி. வெட்டி எடுத்தால் நாக்கு துளைக்குள் இறங்க மாட்டேன் என்கிறது. மோட்டார் ஸ்டெப் செட்டிங்கை மாற்றவா?

கையை எடுங்கள்! முதலில் வெர்னியரை எடுத்து நாக்கையும் துளையையும் தனித்தனியே அளந்து பாருங்கள். ஸ்டெப் கணக்கு (ஒரு மிமீ நகர மோட்டார் எத்தனை படி சுற்ற வேண்டும் என்பது) தப்பென்றால் இரண்டுமே ஒரே பக்கம் பிசகும், பெரிய துண்டில் பிசகும் பெரிதாகும். நாக்கு பெருத்து, துளை சிறுத்திருந்தால் அது பிட் விட்டத்தின் வேலை.

லைப்ரரியில் 3.175 என்று இருக்கிறது, கையில் இருக்கும் பிட் உண்மையில் 3.05 என்று வையுங்கள். சாஃப்ட்வேர் 3.175-இல் பாதியைக் கணக்கில் கொண்டு கோட்டிலிருந்து தள்ளி ஓட்டும். பிட் ஒல்லி என்பதால் ஒவ்வொரு பக்கமும் 0.0625 மிமீ மரம் மிச்சமாகும். நாக்கு 0.125 பெருக்கும், துளை 0.125 சிறுக்கும். மொத்தம் கால் மில்லிமீட்டர் இறுக்கம். சுத்தியல் எடுத்தால் பலகை பிளக்கும்.

பிட்டை அளந்து எழுதினால் போதுமா என்றால், அதுவும் போதாது. கோலட்டில் பிட் கொஞ்சம் ஆடினால் அது வெட்டும் அகலம் பிட்டை விடப் பெரிது. ஆகவே புது பிட் வந்ததும் வேண்டாத பலகையில் ஒரே ஒரு நேர்க்கோடு ஓட்டுங்கள், ஆழம் 1 மிமீ போதும். அந்தப் பள்ளத்தின் அகலத்தை அளந்து, அதையே விட்டம் என்று லைப்ரரியில் போடுங்கள். என் லைப்ரரியில் ஒரே பெட்டியில் வந்த இரண்டு பிட்டுக்கு இரண்டு விட்டம் இருக்கிறது. பார்க்கிறவர்கள் கேலி செய்வார்கள், நாக்கு மட்டும் ஒழுங்காக இறங்குகிறது.

வீட்டுப் பெயர்ப் பலகையில் தமிழ் எழுத்து வி-கார்விங் (வி-பிட்டால் செதுக்குவது) செய்தேன். எல்லா எழுத்தும் ஒல்லியாக, சாப்பிடாத பிள்ளை போல வருகிறது.

லைப்ரரியில் 90 டிகிரி என்று இருக்கும், ஸ்பிண்டிலில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) 60 டிகிரி மாட்டியிருப்பீர்கள். வி-கார்விங்கில் கோட்டின் அகலத்தை வைத்துத்தான் ஆழம் தீர்மானமாகிறது. 12 மிமீ அகலக் கோட்டுக்கு 90 டிகிரி பிட் 6 மிமீ இறங்கினால் போதும். அதே 6 மிமீ-இல் 60 டிகிரி பிட் கிட்டத்தட்ட 6.9 மிமீ அகலம்தான் வெட்டும். ‘ண’வின் சுழிகள் மெலிந்து கம்பி போல ஆவது இதனால்தான்.

சரி என்று லைப்ரரியில் 60 என்று மாற்றிவிட்டு உடனே ஸ்டார்ட் அழுத்தாதீர்கள். இப்போது அதே கோட்டுக்கு 10.4 மிமீ ஆழம் கேட்கும். பலகை 12 மிமீ என்றால் அடியில் அப்பளம்தான் மிஞ்சும். அகலமான எழுத்துக்கு 90 டிகிரி பிட்டையே வாங்கிவிடுவது நல்லது.

பிட் விற்ற கம்பெனியின் லைப்ரரியை இறக்கிப் போட்டேன். 18000 ஆர்பிஎம் (நிமிடத்துக்குச் சுற்று), ஃபீட் (பிட் நகரும் வேகம்) நிமிடத்துக்கு 1800 மிமீ. மிஷின் அலறுகிறது.

அது வலுவான மிஷினுக்கு எழுதிய கணக்கு. அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது சிப் லோடை (ஒரு சுற்றில் ஒவ்வொரு ஃப்ளூட்டும் சீவும் கனம்) மட்டும். ஃபீடை ஆர்பிஎம்மாலும் ஃப்ளூட் எண்ணிக்கையாலும் வகுங்கள்: இரண்டு ஃப்ளூட்டுக்கு 0.05 மிமீ வரும். உங்கள் ஸ்பிண்டில் 9000 சுற்றினால் ஃபீட் 900. ஆழத்தை 0.5 மிமீ-இல் தொடங்கி, சத்தம் கேட்டுக் கேட்டு ஏற்றுங்கள். பயந்துபோய் ஃபீடை மட்டும் 200-க்கு இறக்கிவிட்டால் பிட் வெட்டாமல் உரசும், சூடாகும், மரம் கருகும். துகள் சீவலாக விழுந்தால் சரி, மாவாக விழுந்தால் ஃபீட் குறைவு. (எம்டிஎஃப் எப்படி வெட்டினாலும் மாவுதான், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மாஸ்க்கும் போடுங்கள்.) சரிவந்த எண்களை மர வகை வாரியாகச் சேமித்து வையுங்கள். ஃப்யூஷன் சாஃப்ட்வேரில் ஒரே டூலுக்குள் பல பிரீசெட் (சேமித்த எண் தொகுப்பு) வைக்கலாம்.

முதல் பிட் வேலை முடித்து அடுத்ததை மாட்டினால் பலகையைக் குத்திவிடுகிறது. டூல் நம்பர் எல்லாம் சரியாகத்தான் கொடுத்தேன்.

நம்பர் கொடுத்தால் பிட்டின் நீளம் மிஷினுக்குத் தெரிந்துவிடாது. சாதாரண ஜிஆர்பிஎல் (மிஷினை இயக்கும் இலவச சாஃப்ட்வேர்) போர்டுக்கு, டூலை மாற்று என்னும் எம்6 கட்டளையே புரியாது. பிட்டுக்கு ஒரு ஃபைலாக எடுத்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் இசட் ஸீரோ (உயரத்தின் தொடக்கப் புள்ளி) புதிதாக வையுங்கள். எக்ஸ், ஒய் இரண்டையும் தொடாதீர்கள். மேற்பரப்பு முழுவதையும் முதல் பிட் சீவிவிடும் வேலை என்றால், தொடக்கத்திலேயே ஸீரோவை மிஷின் மேசையின் அடிப்பலகையில் வைத்துவிடுங்கள். கோலட் நட்டு முறுக்கும்போது அச்சு நகர்ந்தால் ஜிஆர்பிஎல் செட்டிங்கில் $1=255 கொடுங்கள், மோட்டார் பிடியை விடாது.

20 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. எப்படிப் பிரித்து வைப்பது?

நெயில் பாலிஷ். ஷாங்கில், கோலட் பிடிக்காத இடத்தில் ஒரு கோடு. சிவப்பு 20, பச்சை 30; லைப்ரரியில் டூல் பெயரோடு நிறத்தையும் எழுதுங்கள். வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள்.